ஜெனீவாவில் ஒரு பேரேடு, வியன்னாவில் ஒரு பேரேடு: ஐ.நா. விண்வெளிக் குழுவில் இந்தியாவின் சார்பில் அமர்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோர்க்கு,

வணக்கம். ஐக்கிய நாடுகள் சபையின் விண்வெளி அமைதிப் பயன்பாட்டுக் குழுவும் அதன் இரு துணைக்குழுக்களும் ஆண்டுதோறும் வியன்னாவில் கூடும்போது, இந்தியா என்று எழுதிய பெயர்ப்பலகைக்குப் பின்னால் அமர்பவர்கள் நீங்கள். உங்களை நேரில் பார்த்துப் பேசும் வாய்ப்பு என்னைப் போன்றவர்களுக்கு அமைவதில்லை என்பதால் இம்மடலைப் பொதுவில் வைக்கிறேன்.

நான் சட்டம் படித்தவன் அல்லன். விண்வெளி அறிவியலும் என் துறை அன்று. சரக்குக் கப்பல்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ரேடியோ ஆபீசராக இருந்தவன். எந்த நாட்டுக் கப்பலில் ஏறினாலும் எங்களுக்கு ‘ஸ்பார்க்ஸ்’ என்று ஒரே பெயர்தான். 1999 பிப்ரவரி 1 அன்று, செயற்கைக்கோளையும் தானியங்கிக் கருவிகளையும் நம்பிய புதிய கடல்சார் அபாய அறிவிப்பு முறை உலகெங்கும் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, மோர்ஸ் தட்டிப் பிழைத்த எங்கள் வேலை ஒழிந்தது. ஆகவே விண்வெளி எனக்குச் சோறு போட்டதில்லை, என் சோற்றைப் பறித்ததுண்டு. அந்தக் கோபம் எப்போதோ ஆறிவிட்டது. இப்போது இம்மடலை எழுத வைத்தது காசிமேட்டில் நடந்த ஒரு பேச்சு.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவவிருந்த ஒரு வாரத்தில், மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தம் கைப்பேசிக்கு வந்திருந்த எச்சரிக்கையைக் காட்டிப் பொருள் கேட்டார். நான்கு மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், நேரம், அந்தக் கட்டத்துக்குள் படகுகள் போக வேண்டாம் என்ற ஒரு வரி, அவ்வளவுதான் அதில் இருந்தது. வலை கட்டிக்கொண்டிருந்தவரிடம் ஒரு பழைய அட்டையை வாங்கி, பென்சிலால் கரையை வரைந்து, பழவேற்காட்டைக் குறித்து, கட்டத்தைப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கேட்டார்: “கீழ இருக்கிற எங்களுக்கு இவ்வளவு சொல்றாங்களே ரேடியோ சார், மேல போனப்புறம் அங்க ஏற்கெனவே சுத்திக்கிட்டு இருக்கிறவனுக்கு யாரு சொல்றது?”

அவர் கையிலிருந்த அந்தச் சிறு எச்சரிக்கைக்குப் பின்னால் உலக அமைப்புகள் பல வேலை செய்கின்றன. சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சர்வதேச நீரியல் அமைப்பும் சேர்ந்து உலகக் கடல்களை 21 எச்சரிக்கை வட்டாரங்களாகப் பிரித்திருக்கின்றன. அவற்றில் எட்டாவது வட்டாரத்தின் ஒருங்கிணைப்பாளர் இந்தியா. அதே ஏவுதலுக்காக விமானிகளுக்குப் போகும் அறிவிப்பு, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த வடிவத்தில் போகிறது. காசிமேட்டுப் படகும் கொழும்பு செல்லும் கப்பலும் சிங்கப்பூர் விமானமும் ஒரே கட்டத்தைச் சுற்றிக்கொண்டு போவதற்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருக்கிறது. ராக்கெட் நூறு கிலோமீட்டரைத் தாண்டியதும் இத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. நண்பரிடம் இதை உடனே சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

மேலே இருப்பவற்றுக்குப் பேரேடுகள் இல்லாமல் இல்லை. மூன்று இருக்கின்றன.

முதலாவது உங்கள் வியன்னாவில் உள்ளது. 1961இல் பொதுச்சபை எடுத்த தீர்மானப்படி தொடங்கிய பதிவேட்டுக்கு, 1975இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட பதிவு ஒப்பந்தம் சட்ட வலு கொடுத்தது. ஏவிய நாட்டின் பெயர், பொருளின் அடையாளக் குறி, ஏவிய நாளும் இடமும், சுற்றுப்பாதையின் அடிப்படை அளவுகள், பொதுவான பயன்பாடு ஆகியவற்றை ஒவ்வொரு நாடும் ஐ.நா.வுக்குத் தெரிவிக்க வேண்டும். எப்போது தெரிவிக்க வேண்டும் என்பதற்கு அந்த ஒப்பந்தம் தரும் விடை, நடைமுறையில் இயன்ற அளவு விரைவில் என்பது. கப்பல் பதிவாளரிடம் போய் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். பதிவுச் சான்று இல்லாமல் துறைமுகத்தை விட்டே கிளம்ப முடியாது.

இரண்டாவது ஜெனீவாவில், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் முதன்மை அலைவரிசைப் பதிவேடு. தந்திக் காலத்தில், 1865இல், பாரிசில் பிறந்த அந்த ஒன்றியம்தான் இன்று செயற்கைக்கோள்களின் அலைவரிசைகளையும், 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள புவிநிலைச் சுற்றுப்பாதையின் இடங்களையும் நாடுகளுக்கிடையே ஒழுங்குசெய்கிறது. அலைவரிசைகளும் சுற்றுப்பாதைகளும் வரம்புக்குட்பட்ட இயற்கை வளங்கள் என்று அதன் அமைப்புச் சாசனமே சொல்கிறது. நான் தேர்வெழுதி வாங்கிய உரிமமும், என் கப்பல்களின் அழைப்புக்குறிகளும், வி.டபிள்யூ.எம். என்று எங்களுக்குப் பதில் சொன்ன மதராஸ் ரேடியோவின் அழைப்புக்குறியும் அந்த ஒன்றியத்தின் ஒழுங்குவிதிகளின்கீழ் வந்தவை என்பதால், அதன்மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு என்பதை ஒளிக்கவில்லை.

மூன்றாவதுதான் நடப்பில் எல்லோரும் பார்க்கும் பேரேடு. மேலே எது எங்கே இருக்கிறது, எது எதன்மேல் மோதக்கூடும் என்ற அன்றாடக் கணக்கு அது. அதைப் பெரும்பாலும் எழுதிவருவது அமெரிக்க ராணுவம். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களைத் தொடர்ந்து கண்காணித்து, மோதல் அபாயம் இருந்தால் மற்ற நாட்டவருக்கும் சொல்கிறார்கள். நன்றியோடு ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனாலும் உலகத்துக்கே பொதுவான ஒரு பாதையின் போக்குவரத்துக் கணக்கை ஒரு நாட்டின் படை வைத்திருப்பது, கடலில் நாம் யாரும் ஒப்புக்கொள்ளாத ஏற்பாடு.

நான் வற்புறுத்த வந்தது, இந்த மூன்று பேரேடுகளையும் ஒன்றோடொன்று கட்டும் விதி எதுவும் இல்லை என்பதை. பிறர் அலைவரிசை இடைஞ்சல் செய்யக்கூடாது என்ற பாதுகாப்பை ஜெனீவாவில் பெற்ற செயற்கைக்கோள் வியன்னாவில் பதிவாகாமலே இருக்கலாம். வியன்னாவில் பதிவான செயற்கைக்கோள் தன் பாதையை மாற்றிக்கொண்டதை அங்கே தெரிவிக்காமலே விடலாம். இரண்டு இடங்களிலும் முறையாகப் பெயர் உள்ள ஒன்று ஆயுள் முடிந்தபின் அப்படியே மிதந்துகொண்டிருந்தாலும், ஜெனீவாவில் அதைக் கேட்பதற்கு ஆளில்லை.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு 2019 செப்டம்பர் 2 அன்று நடந்தது போதும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏயோலஸ் செயற்கைக்கோள், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் ஒன்றோடு மோதும் அபாயம் இருப்பதாகக் கணக்கு காட்டியது. யார் விலக வேண்டும் என்று சொல்லும் விதி மேலே கிடையாது. இரு தரப்பும் அதற்கு முன் மின்னஞ்சலில் பேசியிருந்தன. அபாயம் கூடியபோது எழுதிய செய்தியை, தங்கள் அழைப்பு முறையில் இருந்த கோளாறால் பொறுப்பாளர் பார்க்கவில்லை என்று ஸ்பேஸ்எக்ஸ் பின்னர் சொன்னது. ஐரோப்பியர் தாமே விலகிக்கொண்டார்கள். கடலில் இரண்டு விசைக்கப்பல்களின் பாதை குறுக்கிட்டால், மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காண்பது எதுவோ அதுதான் வழிவிட வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டு மோதல் தவிர்ப்பு விதிகளில் உள்ளது. பயிற்சி மாணவன்கூட அதைத் தூக்கத்தில் ஒப்பிப்பான்.

எங்கள் தொழில் இந்த ஒழுங்கைச் சும்மா பெற்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கம்பியில்லாத் தந்தி தொடங்கிய காலத்தில், மார்க்கோனி நிறுவனத்தின் கருவி வைத்திருப்பவர்கள் வேறு நிறுவனக் கருவிக்காரர்களோடு பேச மாட்டார்கள். கடலில் ஆபத்தில் இருக்கிறவன் எந்தக் கம்பெனிக் கருவியை வைத்திருக்கிறான் என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லும் காலம் அது. 1906இல் பெர்லினில் கூடிய நாடுகள்தான், எந்த முறைக் கருவியாக இருந்தாலும் கரை நிலையங்கள் பதில் சொல்லியாக வேண்டும் என்று ஒப்பந்தம் செய்தன. அப்படியும் 1912இல் டைட்டானிக் மூழ்கிய இரவில், அருகிலிருந்த கப்பலின் ஒரே ஒரு ரேடியோக்காரர் வேலை முடித்துப் படுக்கப் போயிருந்தார். இடைவிடாத காவலும் அமைதி நேரமும் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. என் ரேடியோ அறைக் கடிகாரத்தின் முகத்தில், ஒவ்வொரு மணியிலும் 15 முதல் 18ஆம் நிமிடம் வரையும், 45 முதல் 48 வரையும் சிவப்புப் பட்டை தீட்டியிருக்கும். முள் சிவப்பைத் தொட்டதும், அபாய அழைப்புக்கான 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் உலகமே வாயை மூடிக்கொள்ளும். மூன்று நிமிடம் யாரும் தட்டக்கூடாது, கேட்க மட்டும்தான் வேண்டும். பனிப்போரின் உச்சத்தில், சோவியத் கப்பலும் அமெரிக்கக் கப்பலும் அந்த மூன்று நிமிடத்தை மதித்ததை என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஆகவே, பெரிய நாடுகள் ஒத்துக்கொள்ளமாட்டா என்று கோப்பில் எழுதி முடித்துவிடுவதை நான் ஏற்பதற்கில்லை. அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் ஆகிய நான்கும் 1979இல் தொடங்கிய காஸ்பாஸ்–சார்சாட் தேடல்-மீட்புத் திட்டம் 1982இலேயே உயிர்களைக் காப்பாற்றத் தொடங்கிவிட்டது. ஆப்கானிஸ்தான் போரும் ஒலிம்பிக் புறக்கணிப்பும் நடந்த காலம் அது. இந்தியா அதில் தரைநிலையங்களோடு பங்கேற்கிறது. காசிமேட்டுப் படகு ஒன்றில் அபாயக் கருவியின் பொத்தானை அழுத்தினால், செய்தி செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படையின் சென்னை மீட்பு ஒருங்கிணைப்பு மையம் வரை போய்ச் சேரும் என்பதை மீனவர்களுக்கு நானே விளக்கியிருக்கிறேன்.

இந்தியா ஏன் முன்னால் நின்று பேச வேண்டும் என்று கேட்பீர்கள். நம் பொறுப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதே என் பதில். 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தமும் 1972ஆம் ஆண்டு இழப்பீட்டுப் பொறுப்பு ஒப்பந்தமும் ‘ஏவிய நாடு’ என்பதற்குக் கொடுத்த பொருள் மிக விரிவானது. செயற்கைக்கோள் யாருடையதாக இருந்தாலும், எந்த நாட்டின் மண்ணிலிருந்து அல்லது ஏவுதளத்திலிருந்து போனதோ அந்த நாடும் ஏவிய நாடுதான். 2017 பிப்ரவரி 15 அன்று ஒரே பி.எஸ்.எல்.வி.யில் 104 செயற்கைக்கோள்கள் போனதைக் கொண்டாடினோம்; அவற்றில் 96 அமெரிக்காவைச் சேர்ந்தவை. 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஒன்வெப் நிறுவனத்துக்காக முப்பத்தாறு முப்பத்தாறாக 72 செயற்கைக்கோள்களை ஏவினோம். இராயபுரத்து மொட்டைமாடியில் நின்று வடக்கு வானில் ஒளியைப் பார்த்துக் கைதட்டுகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் அவற்றில் ஒன்று எங்காவது சேதம் விளைவித்தால், உரிமையாளரின் நாட்டோடு சேர்ந்து நம்மிடமும் இழப்பீடு கேட்கலாம் என்பதைக் கைதட்டுவோர் அதிகம் பேர் அறிந்திருக்கமாட்டார்கள். தரையில் விழுந்து சேதமானால் தவறு யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை. ஏவிய நாடு கொடுத்தே ஆக வேண்டும். மேலே மோதினால் மட்டும் தவறை நிரூபிக்க வேண்டும். வழிவிடும் விதியே இல்லாத இடத்தில் தவறு என்று எதைச் சொல்வது?

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1978 ஜனவரியில் சோவியத் யூனியனின் காஸ்மாஸ் 954, அணு உலையோடு கனடாவின் வடமேற்குப் பனிவெளியில் சிதறியது. கனடா கேட்டது அறுபது லட்சம் கனடிய டாலர். 1981இல் சோவியத் கொடுத்தது முப்பது லட்சம். 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளை, பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் நிலையின் பகுதியாகவே இருக்க வேண்டும் என்று அந்நாட்டு விண்வெளி முகமை அறிவித்தது. யாருக்கும் காயமில்லை. நமக்கே எதிர்ப்பக்க அனுபவமும் உண்டு: 2022 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் வானத்திலிருந்து விழுந்த உலோக வளையமும் கோளங்களும் சீன ராக்கெட் ஒன்றின் எச்சங்களாகக் கருதப்பட்டன.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். ஜெனீவாப் பேரேட்டில் ஒரு செயற்கைக்கோள் அமைப்புக்குப் பாதுகாப்பு நிலைக்க வேண்டுமானால், அது வியன்னாவில் பதிவாகியிருக்க வேண்டும். ஆயுள் முடிந்தபின் எப்படி, எத்தனை ஆண்டுக்குள் அகற்றப்படும் என்ற உறுதிமொழியும் அதோடு இணைந்திருக்க வேண்டும். இந்த இணைப்பை இந்தியா உங்கள் குழுவிலும், தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் உலக வானொலி மாநாட்டிலும் முன்மொழிய வேண்டும்.

வியன்னாவை விட்டு ஜெனீவாவை நான் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் குழுவில் நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் அமர்ந்து கருத்தொற்றுமையால் மட்டுமே முடிவெடுக்கின்றன. 1979ஆம் ஆண்டு நிலவு ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து புதிய ஒப்பந்தம் எதுவும் வரவில்லை. 2007இல் விண்குப்பைக் குறைப்பு வழிகாட்டுதல்கள் வந்தன. நீடித்த பயன்பாட்டுக்கான 21 வழிகாட்டுதல்கள் 2010இல் தொடங்கி 2019இல்தான் முடிந்தன. இரண்டும் விருப்பத்தின்பேரில் கடைப்பிடிக்க வேண்டியவை. இந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மீறினால் என்ன இழப்பு என்ற கேள்விக்கு வியன்னாவில் பதிலில்லை. ஜெனீவாவில் உண்டு. அங்கே பதிவு இல்லாதவனுக்கு இடைஞ்சலிலிருந்து பாதுகாப்பு இல்லை. பாதுகாப்பில்லாத அலைவரிசையை நம்பி எந்த வங்கியும் கடன் கொடுக்காது. உலகத்தில் போலீஸ் இல்லாமலே நடக்கும் சட்டம் என்றால் என் கண்ணுக்குத் தெரிவது வானொலி ஒழுங்குவிதிகள்தான், ஏனெனில் அதை மீறுகிறவனின் காதுக்கும் இரைச்சல்தான் வரும்.

வானொலி உரிமத்தோடு குப்பை விதியைக் கட்டுவது ஏற்கெனவே நடந்துகாட்டிய செயல். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், தாழ்சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களுக்கு 25 ஆண்டாக இருந்த அகற்றல் கெடுவை 2022இல் 5 ஆண்டாகக் குறைத்தது. 2023 அக்டோபரில், எக்கோஸ்டார்-7 செயற்கைக்கோளை ஒப்புக்கொண்ட உயரத்துக்குக் கொண்டுபோகாமல் கைவிட்டதற்காக டிஷ் நிறுவனம் ஒன்றரை லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. அந்த நிறுவனத்துக்கு அது பெட்டிக்கடைப் பணம். ஆனால் உரிமம் தருகிறவன் உயிரோடிருக்கும் வரை கேள்வி கேட்பான் என்ற செய்தி போய்ச் சேர்ந்தது.

இதற்கு எழக்கூடிய எதிர்ப்புகளில் ஒன்றைத்தான் நான் கனமானதாகக் கருதுகிறேன். வளர்ந்த நாடுகள் இஷ்டத்துக்கு ஏவி முடித்தபின், வரிசையில் கடைசியில் நிற்பவர்களுக்குப் புதுக்கட்டுப்பாடா என்று ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் கேட்கும். நியாயமான கேள்வி. ஆனால் இப்போதுள்ள முந்தியவனுக்கு முதல் இடம் என்ற முறையும் அவர்களைக் காப்பாற்றவில்லை. 1980களின் இறுதியில் டோங்கா என்ற சின்னத் தீவு நாடு புவிநிலைப் பாதையில் 16 இடங்களுக்கு விண்ணப்பித்துப் பெரும் சச்சரவானதும், 2021இல் ருவாண்டாவின் பெயரில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்களுக்கு விண்ணப்பம் போனதும், காகிதத்தில் இடம்பிடிக்கும் ஆட்டத்தின் இரு காட்சிகள். 2019ஆம் ஆண்டு உலக வானொலி மாநாடு, பல செயற்கைக்கோள்கள் சேர்ந்து இயங்கும் பெருந்தொகுப்புகளுக்கு, குறித்த கெடு முடிந்தபின் 2 ஆண்டில் 10 விழுக்காடு, 5 ஆண்டில் 50 விழுக்காடு, 7 ஆண்டில் முழுவதும் என்று படிநிலை வைத்தது. எவ்வளவு ஏவினாய் என்று கேட்கத் தெரிந்த ஒன்றியத்துக்கு, எவ்வளவு இறக்கினாய் என்று கேட்கவும் தெரியும். பாதை அடைபட்டுப்போனால் முதலில் நஷ்டப்படுகிறவன் இன்னும் ஏவாதவன்தான் என்பதை, அந்த நாடுகளிடம் இந்தியா சொன்னால் கேட்பார்கள். அமெரிக்கா சொன்னால் கேட்கமாட்டார்கள்.

அந்த மரியாதை நமக்குச் சும்மா வரவில்லை. 1959இல் உங்கள் குழு 24 நாடுகளோடு நிலைக்குழுவானபோதே இந்தியா அதில் இருந்தது. 1968 பிப்ரவரியில் தும்பா ஏவுதளம் ஐ.நா.வுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே ஆண்டு வியன்னாவில் கூடிய முதல் ஐ.நா. விண்வெளி மாநாட்டின் அறிவியல் தலைவராக விக்ரம் சாராபாய் இருந்தார். 1982 மாநாட்டின் பொதுச்செயலாளர் யஷ் பால். 1999 மாநாட்டின் தலைவர் யு.ஆர். ராவ். அந்த 1999 மாநாட்டையொட்டிப் பிறந்த பேரிடர்ச் சாசனத்தின் வழியாகத்தான், 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு பல நாட்டுச் செயற்கைக்கோள் படங்கள் பாதிக்கப்பட்ட கரைகளுக்கு இலவசமாகக் கிடைத்தன.

ஆனால் வெளியே பேசுமுன் வீட்டில் செய்ய வேண்டியவை இருக்கின்றன. இதைச் சொல்லாமல் விட்டால் இம்மடல் நேர்மையானதாகாது. ஜெனீவாவுக்குப் போகும் நம் விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டமிடல் பிரிவு வழியாகப் போகிறது. வியன்னாவுக்குப் போகும் பதிவு விண்வெளித் துறையிலிருந்து வெளியுறவு அமைச்சகம் வழியாகப் போகிறது. உலகத்துக்கு நான் கேட்கும் இணைப்பை இந்த இரண்டு மேசைகளுக்கிடையே நாளைக்கே செய்யலாம். யாருடைய கருத்தொற்றுமையும் வேண்டியதில்லை. தனியார் ஏவுதல்களுக்கு அனுமதி தரும் இன்-ஸ்பேஸ் 2024 மே மாதம் நெறிமுறைகளை வெளியிட்டது நல்ல தொடக்கம். ஆனாலும் 2017இல் வரைவாக வந்த விண்வெளிச் செயல்பாடுகள் மசோதா இன்னும் சட்டமாகவில்லை. தனியார் செய்வதற்கும் அரசே பொறுப்பு, தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும் என்று 1967 ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு சொல்கிறது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் வளர்ந்த அக்னிகுல், 2024 மே 30 அன்று சொந்த ஏவுமேடையிலிருந்து சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டுவிட்டது. குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. பிள்ளைகள் வண்டியை ஓட்டத் தொடங்கிவிட்டார்கள், நாம் இன்னும் போக்குவரத்துச் சட்டத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. 2019 மார்ச் 27 அன்று நம் சொந்தச் செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்தபோது, துண்டுகள் சில வாரங்களில் விழுந்துவிடும் என்று அரசு சொன்னது. பெரும்பாலானவை விழுந்தன, சில ஓராண்டுக்கு மேலும் சுற்றின. 2022 டிசம்பரில், இத்தகைய அழிப்புச் சோதனைகளைக் கைவிடக் கோரும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபையில் 155 நாடுகள் ஆதரித்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. பாதுகாப்புக் காரணங்கள் இருக்கலாம். அவற்றை எடைபோடும் இடத்தில் நான் இல்லை. ஆனால் 2030க்குள் குப்பையற்ற விண்பயணங்கள் என்று 2024இல் பெங்களூருவில் அறிவித்த நாடு, அந்த இலக்கையும் அந்த ஒதுங்கலையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு பேசும்போது, எதிரே இருப்பவர் இரண்டாவதைத்தான் முதலில் எடுப்பார். அதற்கான பதிலை இப்போதே ஆயத்தம் செய்துகொள்ளுங்கள்.

அண்டைவீட்டாருக்காக விலகிப்போவது நமக்குப் புதிதல்ல. துருவப்பாதைக்குப் போகும் நம் பி.எஸ்.எல்.வி. இலங்கையின் மேல் பறக்கக்கூடாது என்பதற்காக, எரிபொருளையும் சுமக்கக்கூடிய எடையையும் இழந்து வளைந்து போகிறது. அந்த வளைவை அட்டையில் பென்சிலால் போட்டுக் காட்டியபோது, என் படகுக்கார நண்பர் அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டத் துணைக்குழுவின் அடுத்த அமர்வில் பதிவு ஒப்பந்தம் பற்றிய விவாதம் வரும்போது, ஜெனீவா–வியன்னா இணைப்பை ஆராய ஒரு பணிக்குழு அமைக்கக் கோரி இந்தியா ஒரு பத்தியாவது படிக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். அந்தப் பத்திக்கு என்னாலான ஒரு வரைவை எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன்; சட்ட மொழியில் குறையிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். அமர்வு முடிந்தபின், படித்தீர்களா இல்லையா என்று ஒரு வரி எழுதிப் போட்டால் காசிமேட்டில் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ரேடியோ ஆபீசர் ஒருவர்,
இராயபுரம், சென்னை–13.